பத்தடிக் கயிறு

கல்வளைவு எழுமுன் அதே அளவில்
மரவளைவு ஒன்று எழ வேண்டும்.
மடாதிபதியின் பிரசங்கத்தில் இது வராது.

பூட்டுக்கல் உச்சியில் இறங்கும்வரை
வளைவு என்று ஒன்று கிடையாது.
விழுவதற்கு முறை பார்த்து நிற்கும் கற்கள், அவ்வளவுதான்.
அதுவரை சுமப்பவை என் ஓக் சட்டங்கள்.

கோஷே கல்தச்சன்.
போதிகையில் இலை வைப்பான், சிங்கம் வைப்பான்,
கடன் கொடுத்தவனை ஒருமுறை
வாயில் தவளையோடு வைத்தான்.
ஆள் வந்து பார்த்தான், தன்னை அடையாளம் தெரியாமல் சிரித்தான்.
நான் எதிலும் எதையும் செதுக்குவதில்லை.
பிரித்துப் போடும் சாமானுக்கு இலை எதற்கு?

நான்கு வளைவு முடித்திருந்தோம்.
நான்கும் சுத்த அரைவட்டம்.
கயிற்றின் ஒரு நுனியில் ஆணி, மறு நுனியில் கரி,
தரையில் ஒரே இழுப்பு.
பத்தடிக் கயிறு அது. கன்று கட்ட
எர்சான் எத்தனை முறை கேட்டும் கொடுக்கவில்லை.
அவள் என் மனைவி. ஆனாலும்.

ஐந்தாவது வளைவின் சாந்து காயவில்லை.
யோன் ஆற்றிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டிருந்த மாதம்.
"திருநாளுக்குள் மரத்தை எடுங்கள்" என்றார் மடாதிபதி.
சுண்ணாம்புக்குத் திருநாள் தெரியாது என்றேன்.
கேட்கவில்லை.
ஆப்பசைத்த குரங்கின் கதிதான் நமக்கு என்று நினைத்தபடி
ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன்.

வளைவு ஒரு விரல் இறங்கியது.
நின்றது.
கோஷே சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.
பிறகுதான் வடக்குச் சுவர்
சாப்பிட்டு எழுந்தவனைப் போல
மெதுவாக வயிறு தள்ளியது.

விரிசலில் மடாதிபதி விரல் விட்டுப் பார்த்தார்.
மோதிரம்வரை போனது.

கல்லை இறக்கினோம். சுவருக்கு வெளியே முட்டுக் கொடுத்தோம்.
உள்ளே இரண்டு தூண்களையும்
இரண்டிரண்டு அடி தடிப்பாக்கினோம்.
இப்போது இடைவெளி பதினாறடி.
என் மரவளைவு இருபது.
புது ஓக் வாங்கக் காசில்லை,
காசெல்லாம் மணிக்கூண்டில் வெண்கலமாகத் தொங்கியது.

அன்றிரவு மரவளைவைப் படுக்கவைத்து
அதன் நடுவில் நான்கடியை அறுத்தெடுத்தேன்.
மிச்சமிருந்த இரண்டு பாதிகளையும்
ஒன்றோடொன்று தள்ளி முட்டவிட்டேன்.
அதே கயிற்றின் கோடு, இரு பக்கமும்.
உச்சியில் மட்டும் ஒரு கூர்.

காலையில் கோஷே வெகுநேரம் பேசவில்லை.
அவனுடைய பூட்டுக்கல் தயாராக இருந்தது,
ஆட்டுக்குட்டி செதுக்கி, கொம்பில்கூட மெருகேற்றி.
கூர்முனையில் பூட்டுக்கல்லுக்கு இடமில்லை.
இரண்டு கற்கள் நெற்றி முட்டி நிற்கும், நடுவில் வெறும் இணைப்பு.
"இதுவா வளைவு? சண்டை" என்றான்.

பாஸ்கா முடியும்வரை காத்திருந்து மரத்தை எடுத்தோம்.
ஒரு விரல்கூட இறங்கவில்லை.
சுவர் அசையவில்லை.
கூர் வளைவு பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும் என்பதை
அப்போது எங்களில் ஒருவனும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
தூண் தடித்ததால் என்றான் கோஷே.
ஜெபத்தால் என்றார் மடாதிபதி.

இப்போது விருந்தாளிகளை உள்ளே அழைத்து வருகிறார்.
நான்கு உருண்டை, ஒன்று கூர்.
"இது புதிய பாணி" என்று கையை மேலே காட்டுகிறார்.
அவர்களும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.
பழைய பாணியின் நான்கடி
என் பன்றிக்கொட்டிலுக்குக் கூரையாக இருக்கிறது.
ஆட்டுக்குட்டிக்கல் அதன் வாசற்படி.
கோஷே அந்தப் பக்கம் வருவதில்லை.

கயிற்றை எர்சானிடம் கொடுத்துவிட்டேன்.
மேட்டுப் புல்வெளியில் முளை அடித்துக் கட்டியிருக்கிறாள்.
எட்டிய மட்டும் மேய்ந்து மேய்ந்து
கன்று ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறது,
அரை அல்ல,
முழுசாக.